கென்யாவுக்கு 12 நாள் ஊழியப் பயணம்: 14 பேர் போகிறோம், எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

அயனாவரம்_வாலிபர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து 14 பேர் கென்யாவுக்குப் போகத் தீர்மானித்திருக்கிறோம். விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஆங்கிலிக்கன் சேகரத்தார் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபையார்) அழைத்திருக்கிறார்கள். குழுவில் இரண்டு டாக்டர்கள், அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், ஐ.டி.யில் வேலை செய்பவர்கள் ஆறு பேர், கல்லூரி மாணவர்கள் நான்கு பேர்.

இப்போதைக்கு இருக்கும் திட்டம்: மே மாதம் 12 நாள். நான்கு நாள் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), இரண்டு நாள் மருத்துவ முகாம், அங்கே பாதியில் நிற்கும் ஆலயத்துக்குக் கூரை போடுவது, ஒரு அனாதை இல்லத்தில் ஒரு நாள், ஞாயிறு ஆராதனையில் செய்தி. மருந்துகளை இங்கிருந்தே இரண்டு பெட்டியில் எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறோம். செலவில் பாதியை அவரவர் போடுகிறோம், மீதியைச் சபையார் தாங்குகிறார்கள்.

விசா, தடுப்பூசி, பணம் கொண்டுபோவது, அங்கே போய் நடந்துகொள்வது எல்லாவற்றையும் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஜெபித்துவிட்டுப் போங்கள், எல்லாம் சரியாகும்" என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஜெபிக்கிறோம். ஆனால் 13 பேருடைய வீட்டாருக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன், அதனால் கேட்கிறேன்.

---

பயண_ஒழுங்கு_பெரம்பூர்:

பிரதர், முதலில் மாதத்தை மாற்றுங்கள். மே நமக்கு லீவு, அவர்களுக்கு இல்லை. கென்யாவில் பள்ளிகள் ஜனவரியில் தொடங்கி மூன்று பருவமாக நடக்கும். ஏப்ரலில் ஏறக்குறைய மூன்று வாரம், ஆகஸ்டில் மூன்று வாரம், பிறகு நவம்பர், டிசம்பரில் நீண்ட விடுமுறை. மே மாதம் வி.பி.எஸ். வைத்தால் பிள்ளைகள் சாயங்காலம் நாலரை மணிக்குக் களைத்துப்போய் வருவார்கள். போதாததற்கு மார்ச்சிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். மண்சாலையில் வண்டி இறங்கினால் அன்றைய நிகழ்ச்சி போச்சு, கூரை வேலையும் நிற்கும். ஆகஸ்ட்தான் வசதி. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கும், உண்மைதான். அந்த நால்வரில் இரண்டு பேர் வராமல் போனாலும் பரவாயில்லை, தேதியை அழைக்கிற சபைதான் குறிக்கணும். 2027 ஆகஸ்டை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்ட் இரண்டாம் செவ்வாயன்று பொதுத்தேர்தல், 2027-ல் அது 10-ஆம் தேதி வருகிறது. 2007 தேர்தலுக்குப் பிறகு வந்த கலவரத்தில் கிசுமுவில் என்ன நடந்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

விசா முறை 2024 ஜனவரியோடு போய்விட்டது, இப்போது இணையத்தில் இ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) வாங்க வேண்டும். அரசு தளத்தில் ஆளுக்கு 30 டாலர், அதன்மேல் சில்லறைக் கட்டணம். அதே பெயர் போல வைத்துக்கொண்டு இரட்டிப்புப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வரும், பார்த்துச் செய்யுங்கள். ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், போக வர டிக்கெட், தங்கும் இடத்துக்கு ஆதாரம், அழைப்புக் கடிதம் கையில் இருக்கணும். அழைப்புக் கடிதம் சேகரத்தின் லெட்டர்ஹெட்டில், 14 பேரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் போட்டு, அத்தியட்சர் அலுவலகத்தின் ஒப்புதலோடு வந்தால் நல்லது. நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் உங்கள் பேராயர் அலுவலகத்திலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் போகட்டும். இரண்டுமே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருக்கும் சபைகள் என்பதால் அந்தக் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

வருகை நோக்கத்தில் "சுற்றுலா" என்று போட்டுவிட்டுப் பிரசங்கம் பண்ணப் போகாதீர்கள். சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். உங்கள் நிகழ்ச்சி நிரலை அப்படியே அழைக்கும் சபைக்கு அனுப்பி, நைரோபி குடிவரவுத் துறையில் இதற்கு இ.டி.ஏ. போதுமா, தனி அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் 14 பேரும் ஒரே பதிலைச் சொல்லணும், அந்தப் பதில் உண்மையாக இருக்கணும்.

நம் ஆட்களுக்கே உரிய தொல்லை பெயர். பாஸ்போர்ட்டில் சிலருக்கு இனிஷியல் விரிந்திருக்கும், சிலருக்கு குடும்பப்பெயர் கட்டமே காலி. டிக்கெட், இ.டி.ஏ., தடுப்பூசி அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரே பெயர் உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்னே விமான நிறுவனத்திடம் எப்படிப் பதிவது என்று கேட்டுவிடுங்கள். நாலு மாதம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே தகப்பன் பெயரைச் சேர்த்து வாங்கிவிடுவது உத்தமம்.

இனி, பலரும் கோட்டை விடும் விஷயம். உங்கள் குழுவில் இரண்டு அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். துறையின் தடையில்லாச் சான்று வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சபையார் இலவசமாகத் தங்கவும் சாப்பிடவும் இடம் கொடுத்தால் அது சட்டப்படி அயல்நாட்டு உபசரிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி அரசு ஊழியர்கள் அதை ஏற்க மத்திய உள்துறையின் முன்அனுமதி வாங்கணும், எஃப்.சி-2 படிவம். சுலபமான வழி, அந்த நர்ஸ் அக்காவும் டீச்சரும் தங்கள் தங்கல், சாப்பாட்டுச் செலவைத் தாங்களே கொடுத்து ரசீது வாங்குவது. 14 பேருமே அப்படிக் கொடுத்தால் அழைத்தவர்களுக்கும் பாரம் குறையும்.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. மும்பை வழியாகவோ வளைகுடா வழியாகவோ போகணும். நைரோபியிலிருந்து கிசுமு சாலை வழியில் சுமார் 350 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். விமானம் ராத்திரி இறங்கினால் ராத்திரியே வேன் பிடித்துக் கிளம்பாதீர்கள். அந்த நாட்டில் வெளியூர்க்காரருக்கு முதல் ஆபத்து சாலைதான், பாம்பும் திருடனும் பிறகுதான். நைரோபியில் படுத்து எழுந்து காலையில் கிளம்புங்கள்.

---

நர்சம்மா_கீழ்ப்பாக்கம்:

தம்பி, உடல்நல விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். போகும்போது கேட்காவிட்டாலும் திரும்பும்போது நம் ஊர் விமான நிலையத்தில் கேட்பார்கள். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். மருந்துக் குப்பியைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாளில், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் போடுவார்கள். 14 பேரும் ஒரே நாளில் போய் நிற்கலாம் என்று நம்ப வேண்டாம், இரண்டு மாதம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும், பழைய அட்டை வைத்திருப்பவர்கள் மறுபடி போட வேண்டியதில்லை. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், 60 வயது தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் பேசணும். அவர்களுக்கு "போட வேண்டாம்" என்றால் அதற்குத் தனி மருத்துவச் சான்று உண்டு. ஆனால் அவர்கள் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது.

டைபாய்டு ஊசி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன், டெட்டனஸ் பத்து வருடமாகிவிட்டால் ஒன்று, ஹெபடைடிஸ் ஏ-யும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலேரியாதான் பெரிசு. சென்னையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. கிசுமு ஏரிப் பக்கம் இருப்பது ஃபால்சிபாரம், மூளையைத் தாக்கி இரண்டு மூன்று நாளில் ஆளைச் சாய்க்கும். நைரோபியில் அபாயம் குறைவு என்று யாராவது சொல்வதைக் கேட்டு மாத்திரையை விடாதீர்கள், நீங்கள் போவது நைரோபி இல்லை. டாக்டர் எழுதிக்கொடுக்க மூன்று மருந்துகள் உண்டு. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒன்று, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்து நான்கு வாரம். உங்கள் 12 நாளுக்கு ஆளுக்கு 42 மாத்திரை. சாப்பிட்டுவிட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எரியும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று, இரண்டு வாரம் முன்பே தொடங்கணும். வலிப்பு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு இருந்தவர்களுக்கு ஆகவே ஆகாது. அடோவாகுவோன்-புரோகுவானில் பக்கவிளைவு குறைவு, திரும்பி வந்து ஏழு நாள் போதும், விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது.

எல்லாக் குழுவிலும் நடப்பது இதுதான்: ஊர் திரும்பியதும் "அதான் வந்துட்டோமே" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அந்த நான்கு வாரம்தான் முக்கியம், கல்லீரலில் இருந்து கிருமி இரத்தத்துக்கு வரும் நேரம் அது. குழுத் தலைவர் தினமும் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கணும். வந்து மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இங்கே டெங்கு என்றோ வைரல் ஃபீவர் என்றோ பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதோடு விடாமல் அடுத்த இரண்டு நாளும் திரும்பப் பார்க்கணும்.

இன்னொன்று, விக்டோரியா ஏரித் தண்ணீரில் இறங்கக் கூடாது. நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போகும், குடிக்க வேண்டும் என்பதில்லை, கால் நனைத்தாலே போதும். அங்கே ஞானஸ்நானம் ஏரியிலோ ஓடையிலோ நடந்தால் உங்களைத் தண்ணீரில் நின்று உதவச் சொல்வார்கள். மரியாதையாகக் கரையிலேயே நில்லுங்கள், அவர்களுக்கும் அந்த நோய் தெரியும், புரிந்துகொள்வார்கள். எப்படியோ இறங்கிவிட்டவர்கள் ஊருக்கு வந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொள்ளணும், மருந்து இருக்கிறது.

மருத்துவக் காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் செலவு அடங்குகிறதா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள். நைரோபியில் ஆம்ரெஃப் விமான ஆம்புலன்ஸ் இருக்கிறது. அவர்கள் எண்ணும் பாலிசி எண்ணும் 14 பேர் போனிலும் இருக்கட்டும். அவரவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து கைப்பையில், ஆங்கிலச் சீட்டோடு. கோடீன் கலந்த இருமல் மருந்து எதையும் எடுக்காதீர்கள்.

---

கிசுமு_பக்கம்:

இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் திட்டத்தைப் பற்றியே பேசுகிறேன். மனசு கஷ்டப்பட வேண்டாம், ஆனால் உங்கள் நிரலில் உள்ள ஐந்தில் மூன்றை அயனாவரத்தில் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

மருத்துவ முகாம். நம் டாக்டர் அங்கே ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதற்கு கென்ய மருத்துவர் மற்றும் பல் மருத்துவர் கவுன்சிலின் தற்காலிக உரிமம் வேண்டும். நர்ஸுக்கு அவர்கள் நர்சிங் கவுன்சில். பட்டம், பதிவுச் சான்று, அரும்பாக்கத்தில் நம் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தரும் நன்னிலைச் சான்று எல்லாம் அழைப்பவர்கள் வழியாகப் போகணும், மூன்று மாதமாவது கையில் வையுங்கள். மருந்துப் பெட்டிகளை இங்கிருந்து எடுத்துப் போவதை விட்டுவிடுங்கள். அவர்களின் மருந்து மற்றும் நச்சுப்பொருள் வாரியத்தின் இறக்குமதி அனுமதி இல்லாமல் நைரோபி கஸ்டம்ஸில் நிறுத்திவிடுவார்கள். மருத்துவப் பிரதிநிதிகள் தந்த சாம்பிள் அட்டை, எக்ஸ்பயரிக்கு இரண்டு மாதம் இருக்கும் மருந்து எல்லாம் கொண்டுபோவது அந்த ஜனத்துக்குச் செய்யும் மரியாதை இல்லை. நைரோபியில் மெட்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. 1986-ல் அங்குள்ள சபைகள் சேர்ந்து தொடங்கியது, மிஷன் மருத்துவமனைகளுக்குத் தரமான மருந்தை நியாய விலைக்குக் கொடுக்கிறது. அந்தச் சேகரத்துக்குப் பக்கத்து மிஷன் டிஸ்பென்சரி வழியாக ஆர்டர் போட்டு, பணத்தை நீங்கள் கட்டுங்கள். மாத்திரை அட்டையில் அவர்கள் படிக்கிற எழுத்து இருக்கும், மீந்தால் அவர்கள் அலமாரிக்கே போகும்.

முகாமே நடத்தினாலும் டிஸ்பென்சரியின் பெயரில், அவர்கள் நோட்டில் பதிந்து நடத்துங்கள். ஒரு பாட்டிக்கு பி.பி. 190 என்று கண்டுபிடித்து ஐந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறினால் ஆறாம் நாள் அவர் யாரிடம் போவார்? யாருக்கு என்ன கண்டுபிடித்தீர்கள், அடுத்து எந்தத் தேதியில் யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி, அந்த ஊர் சுகாதாரப் பணியாளர் கையில் கொடுக்காமல் முகாமை முடிக்காதீர்கள்.

கூரை. ஐ.டி. தம்பிகள் ஏணியில் ஏற வேண்டாம். அங்கே ஃபுண்டி என்று சொல்லும் மேஸ்திரிகள் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், உங்கள் ஒரு டிக்கெட் காசில் அவர்கள் முழுக் கூலியும் அடங்கும். தகரம் எத்தனை, எந்த கேஜ் என்று அவர்களே பட்டியல் போடட்டும். 30 கேஜ் மலிவு, மெல்லியது. ஏரிக் காற்றும் ஆலங்கட்டி மழையும் உள்ள இடத்தில் 28 கேஜ் வாங்கினால் நிற்கும். மரம் கரையானுக்கு மருந்தேற்றியதா, ஆணிக்கு ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே ஆணி ஓட்டை வழியாக ஒழுகும். உங்கள் பிள்ளைகள் மண் சுமக்கலாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், மேஸ்திரி சொன்னபடி செய்யலாம்.

அனாதை இல்லம். தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள். அங்கிருக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தாயோ தகப்பனோ உறவோ உண்டு. வெளிநாட்டுக் குழுக்கள் வந்து பணம் கொடுப்பதாலேயே இல்லங்கள் பெருகின. கென்ய அரசு 2017-ல் புது இல்லங்களின் பதிவை நிறுத்திவைத்தது. பிள்ளைகளைக் குடும்பங்களுக்கே திருப்பும் திட்டத்தை 2022-ல் தொடங்கியது. ஒரு நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிறவர்கள் வாரத்துக்கு ஒரு குழுவாக வந்தால் அந்தப் பிள்ளை மனசு என்ன ஆகும்? அந்த நாளை, உறவினர் பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார்களுக்கு அந்தச் சபை என்ன செய்கிறது என்று கேட்டு உட்காருவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வி.பி.எஸ். உங்கள் பலம், அதைச் செழிப்பாகச் செய்யுங்கள். கணக்கு இப்படி: மொழிபெயர்ப்பு என்றாலே நேரம் இரட்டிப்பு. தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து அந்தப் பக்கத்து மொழியான டோலுவோ என்று போனால் மூன்று மடங்கு. 20 நிமிடக் கதைக்கு ஏழு நிமிட விஷயம்தான் வைக்கலாம். அதனால் ஆங்கிலத்தில் நேராகப் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் கதை சொல்லட்டும், மற்றவர்கள் கைவேலை, விளையாட்டு, சைகைப் பாட்டு. கதையின் எழுத்துப் பிரதி இரண்டு வாரம் முன்னாலேயே அந்த ஊர் ஞாயிறு பள்ளி ஆசிரியர் கைக்குப் போகணும். மேடையில் அவரே நடத்தி நீங்கள் உதவினால் இன்னும் அழகு, ஏனென்றால் நீங்கள் போன பிறகும் அந்தப் பிள்ளைகளுக்கு அவர்தான் டீச்சர். நூறு பிள்ளைகள் என்று சொன்னால் இருநூறுக்குத் தயாராகுங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடும். வண்ணக் காகிதம், அட்டை ஆண்டர்சன் தெருவிலும், மணி, நூல் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் வாங்குங்கள், எடை குறைவு. பசை, கத்தரி, கிரேயான் கிசுமுவிலேயே கிடைக்கும்.

எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை அவர்கள் பெற்றோரும் சபையும் சம்மதிக்காமல் போடக் கூடாது. மிட்டாய், காசு, பேனா எதையும் நேரே பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். வண்டியைத் துரத்தி ஓடிவரும் கூட்டத்தை நீங்களே உண்டாக்குவீர்கள், அதில் அடிபடுவதும் சின்னப் பிள்ளைதான்.

பிளாஸ்டிக் கவர். கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் கேரிபேக் தடை, அபராதம் லட்சக்கணக்கான ஷில்லிங்கில். நம் வீட்டில் அம்மாமார் துணி ஒரு கவர், செருப்பு ஒரு கவர், பொடி ஒரு கவர் என்று கட்டுவார்கள். பெட்டியைத் திறந்து எல்லாக் கவரையும் எடுத்துவிட்டு மஞ்சப்பையில் மாற்றுங்கள். விமான நிலையக் கடைக் கவரையும் இறங்கும் முன் விட்டுவிடுங்கள். பச்சை-பழுப்புப் புள்ளி போட்ட ராணுவ டிசைன் பேண்ட், தொப்பி அங்கே சாதாரண ஜனம் போடக் கூடாதது, வாலிபர்களிடம் சொல்லுங்கள். பிளக் மூன்றும் தட்டைக் கால், நம்முடையது நுழையாது, அடாப்டர் ஆளுக்கொன்று. நைரோபி 1,800 மீட்டர் உயரம், ஜூலை, ஆகஸ்டில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

சாப்பாடு. உகாலி (சோளமாவுக் களி), கீரை, ஏரி மீன், சப்பாத்தி, பாலில் கொதித்த டீ. வலது கையால் சாப்பிடுகிற ஜனம், நமக்குச் சிரமமே இல்லை. ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொஞ்சம் எடுத்துப் போங்கள், குக்கரும் சாம்பார் சாமானும் எடுத்துப் போய் அவர்கள் அடுப்பங்கரையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்கள் ஐக்கியத்தார் ஒரு வாரம் முன்பே உங்களுக்காகக் கோழி ஒதுக்கியிருப்பார்கள்.

நம் கிராமங்களுக்கு வெளிநாட்டுக் குழுக்கள் வந்தபோது நாம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மாலை போட்டதும், அவர்கள் போன பிறகு ஊரார் பேசிக்கொண்டதும் நம் சபைகளில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளாளன்விளையில் பிறந்த, பின்னாளில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா 1910-ல் எடின்பர்க் மாநாட்டில் மேற்கத்திய மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டது, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைத் தந்தீர்கள், உங்கள் சரீரங்களையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது. அன்றைக்குக் கேட்ட இடத்தில் இருந்தவர்கள் நாம். இப்போது கொடுக்கிற இடத்துக்குப் போகிறோம்.

---

தணிக்கை_புரசை:

பணத்தைப் பற்றி. "மீதியைச் சபையார் தாங்குகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தக் கணக்கிலிருந்து என்று முதலில் பாருங்கள். சபை டிரஸ்ட் வருமானவரி விலக்கு பெற்றதாக இருந்தால், இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் பணம் அந்த விலக்குக்குள் வராது, அதற்கு நேரடி வரிகள் வாரியத்தின் தனி ஒப்புதல் வேண்டும். டிரஸ்ட் கணக்கிலிருந்து 14 டிக்கெட் போட்டுவிட்டு ஆடிட்டரிடம் மார்ச்சில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நன்கொடைக்கான வரிச்சலுகை ரசீதும் (80ஜி என்று சொல்லி வந்தது) இதற்குக் கொடுக்கக் கூடாது.

சரி, சபையார் நேரே பயணம் போகும் ஆளுக்குக் கொடுக்கட்டும் என்றால், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. ஆகையால் ஒருவருக்கு எவ்வளவு சேருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த எல்லைக்குள் நிறுத்துங்கள்.

அங்கே கூரைக்கும் மருந்துக்கும் பணம் அனுப்ப டிரஸ்டுக்கு எல்.ஆர்.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி தரும் திட்டம்) வசதி கிடையாது, அது தனிநபர்களுக்கு மட்டும். தனிநபர் ஒருவர் தன் வங்கி வழியாக, பான் எண்ணும் ஏ2 படிவமும் கொடுத்து, அந்தச் சேகரத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள், போதகர் கணக்காக இருந்தாலும் சரி. அவர் நேர்மையானவராக இருக்க இருக்க, அவர்மேல் பழி விழாமல் பார்ப்பது உங்கள் கடமை.

கையில் ரொக்க டாலர் ஆளுக்கு 3,000 வரை, இந்திய ரூபாய் 25,000 வரை. 50,000 ரூபாய்க்கு மேல் டாலர் வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, கார்டோ காசோலையோ. நோட்டு புதிதாக, மடிப்பில்லாமல், 50, 100 டாலராக இருக்கட்டும். பழைய நோட்டையும் சின்ன நோட்டையும் அங்கே குறைந்த விலைக்கு எடுப்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள். குழுவின் முழுப் பணத்தையும் ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு போவது வேண்டாம். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கி, போன் வழியாகப் பணம் கொடுக்கும் எம்-பெசா கணக்கு தொடங்கிவிடுங்கள். தக்காளிக் கடையிலிருந்து மேஸ்திரி கூலி வரை அதில்தான் ஓடும், ஒவ்வொன்றுக்கும் குறுஞ்செய்தி வருவதால் கணக்கு தானாகவே எழுதப்பட்டுவிடும். மீந்த டாலரில் 2,000 வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் திரும்பி வந்து 180 நாளுக்குள் வங்கியில் கொடுத்துவிடணும்.

---

அயனாவரம்_வாலிபர்:

ஐயா, அக்கா, அண்ணன்மாரே, எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்றைக்குக் கமிட்டியில் இதை அப்படியே வாசிக்கிறேன். மாதத்தை ஆகஸ்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பேன், அனாதை இல்லத்தை எடுத்துவிடுகிறோம், மருந்து மெட்ஸ் வழியாக. ஒரே ஒரு கேள்வி: அங்கே பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஒருவருக்கு ஆபரேஷன் என்று நேரில் வந்து கேட்டால் என்ன சொல்வது? வாலிபர்கள் மனசு இளகி ஏதாவது சொல்லிவிடுவார்களே.

---

கிசுமு_பக்கம்:

தம்பி, கட்டாயம் கேட்பார்கள், இரண்டாம் நாளிலிருந்தே. கேட்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உண்மையான தேவை. "பார்க்கிறேன்" என்று நீங்கள் சொல்வதை அவர்கள் "சரி" என்றே எடுத்துக்கொள்வார்கள், ஒரு தாய் அதை நம்பிக் கடன் வாங்குவாள். அதனால் கிளம்பும் முன் 14 பேரும் ஒரே வாக்கியத்தைப் பழகுங்கள்: "எனக்குத் தனியாக முடிவு செய்ய அனுமதி இல்லை, உங்கள் போதகரிடம் சொல்லுங்கள், எங்கள் தலைவர் அவரோடு பேசுவார்." உண்மையும் அதுதான். தினமும் ராத்திரி தலைவர் மட்டும் போதகரோடு உட்கார்ந்து அன்று வந்த வேண்டுதல்களை எழுதிக்கொள்ளட்டும். எந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே சபை உதவுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். சொந்த வாட்ஸ்அப் எண்ணைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டாம், குழுவுக்கென்று ஒரு எண் போதும்.

கிளம்பும் முன்பே கமிட்டியில் ஒரு சின்னத் தொகையை, அந்தச் சேகரம் தீர்மானித்துச் செலவழிக்க என்று ஒதுக்கி வையுங்கள். கடைசி நாளில் அதை அவர்கள் கணக்கில் போட்டுவிட்டு, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பெயர் கேட்காமல் ரசீது மட்டும் வாங்குங்கள்.

---

நர்சம்மா_கீழ்ப்பாக்கம்:

ஆகஸ்ட் என்று முடிவானால் மே கடைசியிலேயே கிண்டியில் ஊசிக்குப் பதிவு செய்துவிடுங்கள். 14 பேரின் இரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து, வீட்டில் பேச வேண்டியவர் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்கள் பையில், ஒன்று சபை ஆபீஸில்.